இளம் வேட்டை நாய்களுக்கான கவச மேலங்கி: ஒரு மதிப்புரை

டெக்சாஸில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பழகும் கட்டஹூலா, பிளாக் மவுத் கர் இன இளம் நாய்கள், பன்றியைச் சுற்றி நின்று குரைத்து நிறுத்துவதோடு அமையாமல் ஆர்வ மிகுதியால் நெருங்கிப் பாய்ந்துவிடுவதால், ஆண் பன்றியின் கோரைப்பற்கள் கிழிக்கக்கூடிய கழுத்தையும் மார்பையும் காக்கும் மேலங்கி அவற்றுக்கு இன்றியமையாதது. நான் வாங்கிய மேலங்கி, கெவ்லர் எனும் மிக வலிமையான செயற்கை இழையும் அடர்நைலானும் அடுக்கடுக்காகத் தைக்கப்பட்டது. தையல் உறுதியானது, அகன்ற கழுத்துப் பகுதி மிகவும் பாராட்டத்தக்கது.

ஆனால் வெப்பம் பெரிய குறை. கோடையில் இதை அணிந்து நெடுந்தூரம் ஓடும் நாய்க்கு வெப்பத்தாக்கு நேரலாம். ஆகவே குளிர்ந்த இரவுகளில் மட்டும் அணிவித்து, தண்ணீரைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். வளரும் நாய்க்கு அளவு விரைவில் மாறும் என்பதால், பட்டைகளை நீட்டிக்க இயலும் வகையையே தேர்ந்தெடுங்கள். தளர்ந்த மேலங்கி முட்புதரில் சிக்கிக்கொள்ளும். நாய் இருக்குமிடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டைக்கு இதில் போதிய இடமுண்டு.

மேலங்கி காயத்தைக் குறைக்குமேயன்றி, பன்றிகளிடமிருந்து நாய்களுக்குத் தொற்றி உயிரைப் பறிக்கும் போலி வெறிநோய் (சூடோரேபிஸ்) எனும் வைரஸ் நோயைத் தடுக்காது.