மின்சாரம் போய் வந்த பிறகு எந்த ரிமோட் கைகொடுக்கும்?

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவி, கேபிள் செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர், ஏசி ஆகிய நான்குக்கும் நான்கு ரிமோட்டுகள் இருந்தன. உப்புக் காற்றில் அவற்றின் பேட்டரி ஸ்பிரிங்குகளில் பச்சைக் களிம்பு படிந்து ஒவ்வொன்றாகச் செயலிழந்தபோதுதான், எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட்டை நிரல்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்தது. விசாரித்துப் பார்த்ததில், கையில் பிடிக்கும் கருவியைவிட அதற்குப் பின்னால் இருக்கும் மென்பொருளில்தான் ஏற்றத்தாழ்வு அதிகம் என்று தெரிந்தது.

அவற்றை எடைபோட நான் வைத்துக்கொண்ட சோதனை ஒன்றுதான். மின்சாரம் போய்த் திரும்பியதும் எங்கள் செட்டாப் பாக்ஸ் தானாக விழித்துக்கொள்கிறது. டிவி அணைந்தே கிடக்கிறது. இரண்டின் பவர் பொத்தானும் ஓடிக்கொண்டிருந்தால் அணைக்கும், அணைந்திருந்தால் ஓடவிடும் ஒற்றைக் குறியீட்டையே அனுப்புவதால், இரண்டையும் சேர்த்து இயக்கும்படி ஒரு பொத்தானில் பதிந்து வைத்தால் டிவி எழும், செட்டாப் பாக்ஸ் உறங்கிவிடும். இந்தச் சிக்கலை எந்த மென்பொருள் எப்படிக் கையாள்கிறது என்பதே என் கேள்வி.

லாஜிடெக் நிறுவனத்தின் ஹார்மனி ரிமோட் இதற்கு ஒரு நேர்த்தியான விடை வைத்திருந்தது. சாதனங்களைத் தனித்தனியாக இயக்காமல், ‘டிவி பார்’ என்பது போன்ற செயலைத் தேர்ந்தெடுத்தால், எது இயங்குகிறது, எது அணைந்திருக்கிறது என்பதை அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் அந்த நினைவு வெறும் ஊகம். மின்தடை அதற்குத் தெரியாது. உதவிப் பொத்தானை அழுத்தி, அது கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லித்தான் சரிசெய்ய வேண்டும். அதைவிடப் பெரிய குறை, அமைப்புகள் அனைத்தும் அந்நிறுவனத்தின் சர்வரில் இருப்பது. 2018 டிசம்பரில் வந்த ஒரு மேம்படுத்தல், வீட்டு நெட்வொர்க்கிலிருந்தே ஹார்மனி ஹப்பை (சாதனங்களுக்குக் குறியீட்டை அனுப்பும் பெட்டியை) இயக்கும் வழியை அடைத்தது. பயனர்கள் கொதித்தெழுந்த பிறகே அது மீண்டும் திறக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் தயாரிப்பே நிறுத்தப்பட்டது. இனி பழைய ஹார்மனியை வாங்குபவர், அந்த சர்வர் இருக்கும்வரைதான் அதில் புதிய சாதனத்தைச் சேர்க்க முடியும்.

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பது ஜேபி1. சில யுனிவர்சல் ரிமோட்டுகளின் பேட்டரி மூடிக்குள் ஜேபி1 எனப்படும், ஆறு முனைகள் கொண்ட இணைப்பு ஒன்று இருக்கும். அதில் கேபிளைச் செருகி, ஆர்வலர்கள் எழுதிய இலவச ரிமோட்மாஸ்டர் மென்பொருளால் உள்நினைவகம் முழுவதையும் கணினியில் ஒரு கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். ரிமோட் உப்பில் அரித்துப் போனாலும் கோப்பு நம்மிடம் இருக்கும். அதே மாதிரியில் இன்னொன்றை வாங்கி ஏற்றிவிடலாம். ராமேஸ்வரத்தில் அறைக்கு அறை ஒரே டிவியை மாட்டியிருக்கும் லாட்ஜ்காரருக்கு இது பெரும் வசதி. அந்த ஒற்றைக் குறியீட்டுக்குப் பதிலாக ‘இயக்கு’, ‘அணை’ எனத் தனித்தனிக் குறியீடுகளை டிவி ஏற்குமானால், அவற்றையும் தேடிப் பதியலாம். குறை, அதன் தோற்றத்தில் இருக்கிறது: எண்களும் பதினாறடிமான (ஹெக்ஸ்) குறிகளும் நிறைந்த அட்டவணையைக் கண்டதும் என் அண்ணன் மடிக்கணினியை மூடிவிட்டார்.

கைபேசிச் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரிமோட்டுகள் குறியீட்டை அனுப்புவது அகச்சிவப்பு ஒளியில்; ஆண்ட்ராய்டு 4.4 தந்த அகச்சிவப்பு வசதி அனுப்புவதற்கு மட்டுமே, பெறுவதற்கு அன்று. ஆகவே செயலியின் பட்டியலில் இல்லாத செட்டாப் பாக்ஸின் குறியீட்டைக் கைபேசியால் கற்றுக்கொள்ள முடியாது. அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

நான் இறுதியில் தேர்ந்தெடுத்தது, ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுச் சாதன மென்பொருளும், ரிமோட் குறியீடுகளைக் கற்று அனுப்பும் ஒரு பிராட்லிங்க் கருவியும். ரிமோட்டை அந்தக் கருவியின்முன் பிடித்து அழுத்தினால் கற்றுக்கொள்கிறது. கற்றவை வீட்டிலேயே கோப்பாகத் தங்குகின்றன. பொத்தான்களுக்குத் தமிழிலேயே பெயர் எழுதலாம். மின்தடைச் சோதனையில் இது மட்டுமே முழுமையாகத் தேறியது. டிவியின் பிளக்கில் மின்நுகர்வை அளக்கும் ஸ்மார்ட் பிளக்கைப் பொருத்தி, வாட் அளவு உயர்ந்திருந்தால் பவர் குறியீட்டை அனுப்பாதே என்று ஒரு விதி எழுதினேன். மற்றவை ஊகிக்கும் இடத்தில் இது அளந்து பார்க்கிறது. ஆனால் வைஃபை ரூட்டரும் ராஸ்பெரி பையும் இன்வெர்ட்டரில் இருந்தாக வேண்டும். அம்மாவின் கையில் பொத்தானுள்ள ரிமோட் எதுவும் இல்லை, கைபேசித் திரைதான்.

நான் தேர்ந்தெடுத்த வழியிலும் எஞ்சும் குறைகள் இரண்டு. உள்ளறையில் உள்ள பழைய டிவி, ஃபிலிப்ஸ் உருவாக்கிய ஆர்சி-5 என்ற ரிமோட் குறியீட்டு முறையைப் பின்பற்றுவது. அதில் ஒவ்வொரு புதிய அழுத்தத்துக்கும் ஒரு பிட் (0 அல்லது 1) மாறி மாறி வரும். கற்றுக்கொண்ட கருவி அதே பதிவைத் திரும்ப அனுப்புவதால், 11ஆம் சேனலுக்காக ஒன்றை இருமுறை அழுத்தினால், விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருப்பதாக டிவி நினைத்து 1ஆம் சேனலுக்குப் போகிறது. குறியீட்டை வெறுமனே நகலெடுக்காமல் அதன் நெறிமுறையை அடையாளம் கண்டு புதிதாக உருவாக்கும் வசதி, ஜேபி1-இல் இருப்பதுபோல், எல்லா மென்பொருளிலும் வர வேண்டும்.

மற்றொன்று ஏசி. டிவிகளில் பரவலான என்இசி முறையில் ஒரு கட்டளை 32 பிட். மிட்சுபிஷி ஏசியின் முறை ஒன்றில் 144 பிட். காரணம், வெப்பநிலையை ஒரு புள்ளி ஏற்றினாலும் குளிர்ச்சி, விசிறி வேகம், காற்றின் திசை என முழு நிலையையும் ரிமோட் சேர்த்தே அனுப்புகிறது. 24இலிருந்து 25க்கு ஏற்றும்போது பதிந்த பொத்தான், எப்போது அழுத்தினாலும் 25க்குத்தான் போகும். ‘ஒன்று கூட்டு’ என்று சொன்னால் முழு நிலையையும் தானே கணக்கிட்டு அனுப்பும் நிரலகங்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) இஎஸ்பி8266 என்ற வைஃபை சில்லுக்கு உண்டு. பிராட்லிங்க்கில் பதிந்த பொத்தான்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஆகவே 24, 26, 28 என மூன்று பொத்தான்களை மட்டும் பதிந்துவிட்டு, ஏசி ரிமோட்டைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு ஆணியில் மாட்டியிருக்கிறேன்.