மனத்தின் கூறுகளா, மனத்தின் வேலையா?

1879-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் அமைத்த ஆய்வுக்கூடத்தை உளவியலின் பிறப்பிடம் என்பார்கள். பிறந்த துறை எதை ஆராய வேண்டும் என்ற வழக்கு அமெரிக்காவில்தான் முற்றியது. ஒரு பக்கம், மனத்தின் கூறுகளைத் தேடிய அமைப்புவாதம்: வுண்டிடம் பயின்று 1892-இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்த எட்வர்ட் டிட்ச்னர். மறுபக்கம், மனம் என்ன வேலை செய்கிறது என்று கேட்ட செயல்பாட்டுவாதம்: ஹார்வர்டின் வில்லியம் ஜேம்ஸ், சிகாகோவின் ஜான் டூயி, ஜேம்ஸ் ஏஞ்செல்.

டிட்ச்னரின் வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. உடற்கூறு தெரியாமல் உடலியக்கத்தைப் பற்றிப் பேச முடியுமா என்று 1898-இல் அவர் கேட்டார். மனம் எவற்றால் ஆனது என்று முதலில் தெரிய வேண்டும். அது எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பிறகு பார்க்கலாம். புலனுணர்வு, பிம்பம், உணர்ச்சி ஆகிய மூன்றும்தான் அவர் கண்ட அடிப்படைக் கூறுகள். வேறுபடுத்தி அறியக்கூடிய புலனுணர்வுகள் மட்டும் 44,000-க்கும் மேல் என்று கணக்கிட்டார். வழி, தன் மனத்தில் நிகழ்வதைத் தானே கவனித்துச் சொல்லும் அகநோக்கு முறை. எதிரே ஆப்பிள் இருந்தால் 'ஆப்பிள்' என்று சொல்வது பிழை. நிறம், ஒளிர்வு, வடிவம் என்று அனுபவத்தைத்தான் சொல்ல வேண்டும். இதற்கு நெடிய பயிற்சி தேவைப்பட்டது.

இங்கே வுண்டுக்கு ஒரு நியாயம் செய்தாக வேண்டும். பாடநூல்கள் பல அவரையும் டிட்ச்னரையும் ஒரே தட்டில் வைத்துவிடுகின்றன. வுண்ட் அகநோக்கை எளிய, திரும்பச் செய்து பார்க்கக்கூடிய சோதனைகளோடு நிறுத்திக்கொண்டார். மொழி, தொன்மம், வழக்கம் போன்றவற்றை ஆய்வுக்கூடத்தில் பிடிக்க முடியாது என்று கருதி, அவற்றுக்காகவே பத்துத் தொகுதிகள் எழுதினார்.

வில்லியம் ஜேம்ஸ் கூறுகளைத் தேடவே மறுத்தார். நனவு துண்டுகளைக் கோத்த மாலை அன்று, ஓடும் நீர் என்று 1890-இல் வெளிவந்த தம் பெருநூலில் எழுதினார். டார்வினைப் படித்த தலைமுறை அது: மனம் என ஒன்று நிலைத்திருக்கிறது என்றால், உயிர் வாழ அது உதவியிருக்க வேண்டும்.

என்னைச் செயல்பாட்டுவாதத்தின் பக்கம் இழுத்தது 1896-இல் வந்த டூயியின் கட்டுரை. குழந்தை மெழுகுவர்த்திச் சுடரைப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, சுட்டதும் இழுத்துக்கொள்கிறது. ஒளி தூண்டல், கை நீட்டுதல் துலங்கல். சூடு தூண்டல், கை இழுத்தல் துலங்கல் என்று இதைத் துண்டுபோடுவது வழக்கம். டூயி இதை ஏற்கவில்லை. பார்ப்பதும் நீட்டுவதும் ஒரே செயலின் பகுதிகள். சுட்டுக்கொண்ட பிறகு அந்தச் சுடர் குழந்தைக்குப் பழைய சுடரே அன்று, வலி தரும் ஒளி. கற்றல் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் அந்தக் காலத்து எழுத்துகளில் எனக்குத் தென்படவில்லை. 44,000 புலனுணர்வுகளின் பட்டியலில் அந்தக் குழந்தைக்கு இடமே இல்லை.

அமைப்புவாதத்தின் உண்மையான பலவீனம் அதன் முறையில் இருந்தது. வுண்டின் இன்னொரு மாணவரான ஆஸ்வால்ட் கூல்பேயின் வூர்ட்ஸ்பர்க் குழு, எந்தப் பிம்பமும் இல்லாத எண்ணங்கள் உண்டு என்றது. கார்னெலில் சோதித்தவர்கள், இல்லை, மங்கலான புலனுணர்வுகள் இருக்கின்றன என்றனர். இரு தரப்பும் பயிற்சி பெற்றவர்கள். யார் சொல்வது சரி என்று மூன்றாமவர் எப்படித் தீர்ப்பது? அவரவர் மனத்துக்குள் அவரவர் மட்டுமே போக முடியும்.

கைக்குழந்தையையும் விலங்கையும் அகநோக்கச் சொல்ல முடியாது என்பது அடுத்த தடை. டிட்ச்னரின் முதல் முனைவர் பட்ட மாணவியான மார்கரெட் ஃபிளாய் வாஷ்பர்ன், 1908-இல் விலங்கு மனம் பற்றியே நூல் எழுதினார். அதே டிட்ச்னர் 1904-இல் தொடங்கிய சோதனை உளவியலாளர் குழுவில், அவர் இருந்தவரை பெண்களுக்கு இடமில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இருந்தும் கறார்த்தன்மையில் டிட்ச்னர்தான் உயர்ந்தவர். செயல்பாட்டுவாதிகள் 'பயன்' என்ற சொல்லைத் தாராளமாகப் புழங்கினார்கள்; எதையும் அதனால் விளக்கிவிடலாம் என்ற ஆபத்து அதில் இருந்தது. ஆனால் குழந்தை வளர்ச்சி, கல்வி, விலங்கு நடத்தை என்று கதவுகளைத் திறந்தவர்கள் அவர்கள்தான். வகுப்பறைக்குப் போகும் ஆசிரியர் ஒருவர் இரண்டில் ஒன்றை மட்டும் படிக்க நேர்ந்தால், தயங்காமல் டூயியைக் கொடுப்பேன்.

ஏஞ்செலிடம் சிகாகோவில் படித்த ஜான் வாட்சன், 1913-இல் இரு தரப்பையும் சேர்த்தே நிராகரித்தார். நடத்தை போதும், நனவு வேண்டாம் என்றார். அகநோக்குச் சண்டை முடிந்தது உண்மைதான். ஜேம்ஸ் காட்டிய அந்த ஓடும் நீரும் பல பத்தாண்டுகளுக்கு ஆய்வுக்கூடத்துக்கு வெளியே போனது.