"பேட் செக்டரை ரிப்பேர் பண்ணிட்டோம்" என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

ஹார்ட் டிஸ்க்கில் பேட் செக்டர் (படிக்க முடியாமல் போன சிறு பகுதி) என்று சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் இழந்ததை நீங்களும் இழக்க வேண்டாம்.

என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இருப்பது எஸ்எஸ்டியில். படங்களும் அம்மா பேசிய ஒலிப்பதிவுகளும் தனியாக ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில். அம்மா இப்போது இல்லை. ஒருநாள் அந்த ஃபோல்டரைத் திறந்தபோது கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் பார்த்தேன். மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கை. படிக்கத் தடுமாறும் செக்டர்களைக் கணக்கிடும் சி5 வரிசையில் நீளமாகப் பூஜ்ஜியங்கள், கடைசியில் ‘பி8’.

சர்வீஸ்காரரிடம் காட்டினேன். "முன்னாடி எல்லாம் ஜீரோதானே சார், பயப்படாதீங்க. ஒரு நைட் விட்டுட்டுப் போங்க, எல்லா பேட் செக்டரையும் ரிப்பேர் பண்ணிடலாம்" என்றார். உள்ளே இருப்பது திரும்பக் கிடைக்காத விஷயம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மறுநாள் நீலக் கட்டத்தில் ‘குட்’ என்று காட்டினார். சி5 பூஜ்ஜியம். "டிஸ்க் இப்போ புதுசு மாதிரி சார்." கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பதிவைக் கேட்டேன். அம்மா பள்ளிக்கூடக் கதை சொல்கிறார். "எங்க டீச்சர் பேரு..." என்று தொடங்குகிறார். மூன்று விநாடி சத்தமே இல்லை. பிறகு, "அவங்கதான் என்னை முதல்ல மேடையில ஏத்துனாங்க." அந்தப் பெயர் போய்விட்டது. முன்பு எத்தனையோ முறை கேட்ட பதிவு, ஆனாலும் பெயர் நினைவுக்கு வரவில்லை.

விண்டோஸ் நடந்ததைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் தேடினேன். அன்றிரவு ஓடிய செக் டிஸ்க் என்ற விண்டோஸ் சோதனைக் கருவியின் அறிக்கை அப்படியே இருந்தது: "விண்டோஸ் ரீப்ளேஸ்டு பேட் கிளஸ்டர்ஸ் இன் ஃபைல்", பக்கத்தில் அந்தக் கோப்பின் பெயர். சர்வீஸ்காரர் நகல் எதுவும் எடுக்காமல், கெட்ட செக்டர்களைத் தேடச் சொல்லும் ‘/ஆர்’ போட்டு அதை ஓட்டியிருக்கிறார். அது படிக்க முடியாத இடத்தை ‘கெட்டது’ என்று குறித்துவைத்து, கோப்பில் அந்தத் துண்டுக்குப் பதிலாக வெற்று இடத்தைச் செருகிவிடும். கோப்பு திறக்கும், ஓடும், உள்ளே ஓட்டை இருக்கும். ரிப்பேர் என்று அவர் சொன்னது இதைத்தான்.

அதோடும் விடவில்லை. கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றி, இதை முழு ஃபார்மட் செய்து, திரும்பப் போட்டிருக்கிறார். சி5 என்பது டிஸ்க் படிக்க முயன்று தோற்றுப்போய், முடிவு எடுக்காமல் நிறுத்திவைத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை. அவற்றின் மேல் புதிதாக எதையாவது எழுதினால், எழுதியது சரியாகப் பதிந்தால் கணக்கிலிருந்து நீங்கும். பதியாவிட்டால் உபரி செக்டருக்கு மாற்றப்பட்டு 05 வரிசையில் ஏறும். முழு ஃபார்மட் டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதுகிறது. சி5 பூஜ்ஜியமானது அப்படித்தான். அந்த மூன்று விநாடி டிஸ்க்கில் எங்காவது மிச்சம் இருந்திருந்தாலும் அதோடு அழிந்தது.

அந்த ‘பி8’ பதினாறடிமான எண். நாம் எண்ணும் கணக்கில் 184. சாஃப்ட்வேரின் அட்வான்ஸ்டு ஃபீச்சரில் ரா வேல்யூஸ் (உண்மையான எண்ணிக்கை) என்பதை 10க்கு மாற்றினால் நேராகவே தெரியும். இதை அன்று மாற்றிப் பார்த்திருந்தால் டிஸ்க்கை அவர் கையில் கொடுத்திருக்கவே மாட்டேன். டிஸ்க் தன்னைத்தானே சோதித்து "ஸ்மார்ட் பாஸ்டு" என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். அது தரும் மதிப்பெண் வரம்புக்கு இறங்கினால்தான் ‘ஃபெயில்’. பல டிஸ்க்குகளில் சி5க்கு வரம்பே பூஜ்ஜியம் என்று வைத்திருப்பார்கள், எண்ணிக்கை எவ்வளவு ஏறினாலும் ‘பாஸ்’தான். 05, சி5, சி6 (திருத்த முடியாத செக்டர்கள்) மூன்றின் ரா எண்ணைப் பாருங்கள். டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே டேட்டா போகும்போது வரும் பிழைகளைக் காட்டும் சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு, அதற்காக டிஸ்க்கை மாற்றச் சொன்னால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

சி5 ஏறியிருந்தால் செக் டிஸ்க்கும் வேண்டாம், ஃபார்மட்டும் வேண்டாம். முதலில் நகல். லினக்ஸில் டிடி ரெஸ்க்யூ என்று நகல் எடுக்கும் சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறது, இலவசம். நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பத் திரும்ப வரும். பத்து முறை தோற்ற செக்டர் பதினோராவது முறை படிக்கவும் கூடும். சோதனையெல்லாம் அதற்குப் பிறகு. டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் அதுவும் வேண்டாம், உடனே கரண்டைப் பிடுங்கிவிட்டு டேட்டா மீட்பை மட்டுமே தொழிலாகச் செய்பவர்களிடம் கொண்டுபோங்கள்.

சர்வீஸுக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அந்த மூன்று எண்களையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "நகல் எடுக்காமல் எதுவும் ஓட்டக் கூடாது" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் டிஸ்க்கோடு திரும்பி வந்துவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பில்லின் பின்பக்கத்தைக் காட்டினார்: டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல. நேற்று மறுபடி பார்த்தேன். அவர் "புதுசு மாதிரி" என்று கொடுத்த டிஸ்க்கில் சி5 இப்போது 16.