பாதியில் எழுந்து போக விடுகிற கேம் எது?

"வேலை முடிந்து ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அதற்குள்ளும் யாராவது கூப்பிடுவார்கள். எந்த கேமை ஆரம்பிக்கலாம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்குப் பிடித்தவற்றின் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிடலாம், ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. கிராஃபிக்ஸ், கதை, இசை பற்றி எந்த விமர்சனத்தைத் திறந்தாலும் கிடைக்கும். பாதியில் எழுந்து போக வேண்டி வந்தால் அந்த கேம் நம்மை எப்படி நடத்தும் என்பதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வாங்கிய முதல் வாரத்தில் அது கண்ணில் படாது. வருடக்கணக்கில் ஆடும்போது மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

இந்த விஷயத்தில் செலஸ்ட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. 2018-ல் வந்தது. மடலின் என்ற பெண் ஒரு மலை மேல் ஏறுகிறாள். குதிக்கலாம், சுவரைப் பற்றிக்கொள்ளலாம், காற்றில் ஒருமுறை பாயலாம், அவ்வளவுதான். முள்ளில் பட்டுச் செத்தால் கண் இமைப்பதற்குள் அதே திரையின் தொடக்கத்தில் நிற்பீர்கள். ஏற்கெனவே தாண்டிய திரைகளை மறுபடி தாண்டச் சொல்லாது, அதனால் எரிச்சல் வருவதற்கு இடமே இல்லை. சேவ் செய்து வெளியேறினால் அடுத்த நாள் அதே திரையில் திறக்கும். இன்னொரு நுணுக்கம் பாருங்கள்: விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும், மிகச் சிறிய நேரத்துக்கு, குதிக்கும் பொத்தானை அது ஏற்றுக்கொள்கிறது. நம் விரல் சற்றுப் பிந்தினாலும் நாம் நினைத்தது நடக்கிறது. அதே கேம், வழியில் சேகரிக்கும் ஸ்ட்ராபெரி விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. பழத்தைத் தொட்டால் போதாது, உயிரோடு போய்த் தரையில் கால் வைத்தால்தான் கணக்கில் சேரும். எங்கே இளக வேண்டும், எங்கே இறுக வேண்டும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை. கஷ்டமாக இருந்தால், ஆட்டத்தை எளிதாக்கும் அசிஸ்ட் மோடில் வேகத்தைப் பாதிவரை குறைத்துக்கொள்ளலாம், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

விண்கலத்தில் கோள்களைச் சுற்றிப் பார்க்கும் அவுட்டர் வைல்ட்ஸ் (2019) வேறு வழியில் இதே இடத்துக்கு வருகிறது. 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பணம், ஆயுதம், லெவல் என்று சேர்த்து வைக்க எதுவும் கிடையாது. சேர்வது நமக்குத் தெரிந்த விஷயங்கள் மட்டும்தான், அவற்றை விண்கலத்தின் குறிப்பேடு எழுதி வைத்துக்கொள்ளும். இரட்டைக் கோள்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மணல் கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் திறந்திருந்த குகைகள் நிரம்பி மூடிப்போகும், மறுபக்கம் புதைந்து கிடந்த கட்டடங்கள் மெல்ல வெளியே வரும். எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று புரிகிற கணம் இருக்கிறதே, அதற்கு ஈடாக வேறெதையும் என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு மணி நேரக்காரருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒரே நிபந்தனை, இதைப் பற்றி இனி எதையும் படிக்கக் கூடாது. நானே கூடுதலாகச் சொல்லிவிட்டேனோ என்று இருக்கிறது.

ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமை எரிக் பரோன் தனி ஒருவராகச் செய்து 2016-ல் வெளியிட்டார். படம், இசை, நிரல் எல்லாம் அவரே. அந்த உழைப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் படுத்துத் தூங்கினால்தான் அதில் சேவ் ஆகும். விளையாட்டில் ஒரு முழு நாள் என்பது நமக்குச் சுமார் 14 நிமிடம். சுரங்கத்தில் ஆழமாக இறங்கியிருக்கும்போது அழைப்பு வந்து கம்ப்யூட்டரை மூட வேண்டி வந்தால், அன்றைய நாள் முழுக்கப் போய்விடும். இவ்வளவு இதமான ஒரு கேமில் இப்படி ஒரு விதி எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

ஜெல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்ட் (2017) பற்றிச் சுருக்கமாக: ஏறக்குறைய எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்யலாம். ஆயுதம் உடைகிறது என்று எல்லோரும் குறைப்படுகிறார்கள், எனக்கு அது பிடித்தே இருக்கிறது. பாதி மலை ஏறியபின் மழை வந்து வழுக்குவதுதான் பிடிக்கவில்லை.

சரி, ஹாலோ நைட்டுக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு சிறு குழு செய்து 2017-ல் வெளியிட்ட கேம். பூமிக்கடியில் அழிந்துபோன பூச்சிகளின் ராஜ்ஜியம். ஒரு புது இடத்துக்குள் நுழைந்தால் கையில் மேப் இருக்காது. எங்கோ ஒருவர் முணுமுணுத்துப் பாடுவது கேட்கும், தரையில் காகிதத் துண்டுகள் சிதறிக் கிடக்கும். அவற்றைப் பின்தொடர்ந்தால் கார்னிஃபர் உட்கார்ந்து மேப் வரைந்துகொண்டிருப்பார். அவர் விற்பதும் அரைகுறை மேப்தான், மீதியை நாம் நடந்து நிரப்ப வேண்டும். கண்ணீர் நகரம் என்று ஓர் இடம். பூமிக்கடியில் ஓயாமல் மழை பெய்கிறது. ஏன் என்று அங்கே கண்ணில் காட்டுவதில்லை. வெகு நேரம் கழித்து, முற்றிலும் வேறொரு பாதையில், அந்த நகரத்துக்கு மேலே பரந்து கிடக்கும் நீல ஏரிக் கரையில் போய் நிற்போம். அப்போதுதான் தலைக்குள் இரண்டும் சேரும். இப்படி ஒரு சந்தோஷத்தை நீட்டி விளக்காமல் கொடுக்க எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

இதையே செய்தவர்கள்தான் பெஞ்சுகளையும் வைத்திருக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் உயிர் முழுசாக நிரம்பும். மேப்பில் புது இடம் வரையப்படுவதும், திறனைக் கூட்டும் சார்ம்களை மாற்றுவதும் அங்கேதான். செத்தால் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சில் எழுவோம். கையிலிருந்த காசு செத்த இடத்தில் நிழலுருவிடம் தங்கிவிடும், அதை மீட்பதற்குள் மறுபடி செத்தால் மொத்தமும் போச்சு. இதுவரைக்கும்கூடச் சரி. ஆனால் சோல் மாஸ்டர் என்ற பாஸிடம், அதாவது பெரிய எதிரியிடம், தோற்றால் அவரிடம் திரும்பிப் போக எத்தனை அறைகள், எத்தனை தாவல்கள்! அவர் செத்துவிட்டதாக ஒருமுறை ஏமாற்றி, தரையை உடைத்துக்கொண்டு இரண்டாவது சுற்றுக்கு வருவார். அந்தச் சுற்றைக் கற்றுக்கொள்ளத்தான் நான் போகிறேன். அதற்கு முன் ஓட்டம், பிறகு நன்றாகவே தெரிந்த முதல் சுற்று. கற்பது கொஞ்சம், நடப்பது நிறைய. ஒரு மணி நேரம் அப்படியே கரைந்துபோகும்.

அந்த ஓட்டத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வழியில் இருப்பவர்களை அடித்தால் சோல் என்ற சக்தி நிரம்பும், அதை வைத்துத்தான் பாஸ் சண்டையில் உயிரை ஏற்றிக்கொள்ள முடியும். பாதியில் வெளியேறினாலும் எடுத்த பொருள் எதுவும் போகாது, பழைய பெஞ்சில் தொடங்கும், அவ்வளவுதான். நியாயம் புரிகிறது. ஆனாலும் அதே தூரத்தை மறுபடி ஓடும்போது அந்த நியாயம் எதுவும் மனதில் நிற்பதில்லை. 2025 செப்டம்பரில் இதன் தொடர்ச்சியாக வந்த சில்க்சாங்கிலாவது இதைக் குறைப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அங்கே சில பெஞ்சுகளில் உட்காரவே காசு கேட்கிறார்கள். களைத்துப்போய் வந்தவனிடம் உட்காரக் காசா? கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆக, நண்பர் கேட்டதற்கு நேரான பதில் செலஸ்ட். குறை சொல்ல இடமில்லை, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். ஆனாலும் அவருக்கு நான் அனுப்பிய பதில், ஹாலோ நைட்டை ஆரம்பியுங்கள் என்பதுதான். செலஸ்ட்டை மூடினால் அது மூடிக்கொள்கிறது. ஹாலோ நைட் மறுநாள் வேலைக்கு நடுவிலும் கூட வருகிறது. அந்தப் பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன, அந்தப் பள்ளத்தில் விழுந்தால் எங்கே போவேன் என்று. எனக்கு வேண்டியது அதுதான், அவருக்கும் அது கிடைக்கட்டும்.

கூடவே சில குறிப்புகள். முதல் ஊரின் கடை திறந்ததும் இறகுப் பேனாவையும் திசைகாட்டி சார்மையும் வாங்கிவிடுங்கள். காசு சேர்ந்த பிறகு தெரியாத இடத்துக்குள் போகாதீர்கள், முதலில் செலவழித்துவிடுங்கள். அப்புறம், வெகு தூரம் போனபின் வாட்சர் நைட்ஸ் ஆறு பேரிடம் மாட்டிக்கொள்வீர்கள். உள்ளே நுழைவதற்கு முன், அவர்களுடைய அறைக்கு மேலே போக ஒரு ரகசிய வழியைத் தேடுங்கள். மேலே தொங்கும் சரவிளக்கை வெட்டி விழவைத்தால் ஆறு ஐந்தாகும்.