மலிவு கிரிம்பிங் குறடுகள்: திருமலைப் பட்டறைக்கு எது உதவும்?

திருகோணமலையில் வயர் இணைப்பைத் தின்பது உப்புக் காற்று. சாதாரணக் குறட்டால் நசுக்கிய டெர்மினலில் (வயர் நுனியில் மாட்டும் உலோக இணைப்பி) செம்பு இழைகளுக்கிடையே இடைவெளி நிற்கும். அதற்குள் ஈரம் இறங்கினால் செம்பு பச்சை பிடிக்கும், மூட்டு சூடேறும், கடைசியில் பிளாஸ்டிக் உறை உருகும். இழைகளை ஒரே கட்டியாக நெருக்க, அதாவது கிரிம்ப் செய்ய, விலை கூடிய குறடு தேவையில்லை. டெர்மினலுக்குப் பொருந்திய தாடைதான் தேவை.

ஓட்டோ, மோட்டார் சைக்கிள் வேலைக்கு முதலில் வாங்க வேண்டியது எஸ்என்-48பி என்ற குறடு. 6.3, 4.8 மில்லிமீற்றர் திறந்த ஸ்பேட் (தட்டை வடிவ) டெர்மினல்களுக்கானது, 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் பிடிக்கும். வயரின் உறையை 5 மில்லிமீற்றர் அளவு உரியுங்கள். டெர்மினலின் முதுகு வளைந்த குழியில் படிய வேண்டும், காதுகள் (வயரைச் சுற்றி மடியும் தகடுகள்) தாடையின் 'எம்' வடிவப் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி வைத்தால் காதுகள் உட்சுருளாமல் சப்பையாகிவிடும். டெர்மினல் விழாதபடி ஒரு 'கிளிக்' அழுத்திப் பிடித்துக்கொண்டு வயரைச் செருகுங்கள். முன் காது செம்பை மட்டும், பின் காது உறையை மட்டும் கவ்வ வேண்டும். முன் காதுக்குள் உறை புகுந்தால் அந்த மூட்டு வீண், வெட்டி எறியுங்கள்.

ராச்செட் (முழுதாக அழுத்தும்வரை பிடியைத் திறக்க விடாத பல் பூட்டு) விடுபட்டதை வைத்து மூட்டு நல்லதென்று நம்ப வேண்டாம். தாடை முழுதாக மூடியது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. 0.5 வயரை 1.5 குழியில் வைத்தாலும் அது விடுபடும். இழுத்தால் வயர் கையோடு வரும். பழகும்போது ஒரு மூட்டைக் குறுக்கே அறுத்து அரத்தால் தேய்த்துப் பாருங்கள்: இழைகள் தேன்கூடுபோல் நெருங்கியிருக்க வேண்டும், கறுப்பு இடைவெளி தெரியக் கூடாது. 1.5 வயர் மூட்டில் 10 லீற்றர் தண்ணீர்க் கானைத் தொங்கவிட்டால் அசையக் கூடாது. தளர்ந்தால், பிடிகளுக்கிடையே உள்ள பல்சக்கரத்தின் சிறு திருகைக் கழற்றி, சக்கரத்தை '+' பக்கம் ஒரு பல் நகர்த்துங்கள்.

உறையிட்ட டெர்மினல்களுக்கு எச்எஸ்-30ஜே குறடு போதும். உறை நிறத்துக்கேற்ற வயர் அளவு, சதுர மில்லிமீற்றரில்: சிவப்பு 0.5–1.5, நீலம் 1.5–2.5, மஞ்சள் 4–6. வள்ளத்து 12 வோல்ட் விளக்குகளுக்கு இது கைகொடுக்கும், ஆனால் மூட்டின்மேல் உள்ளே பசையுள்ள, சூடாக்கினால் சுருங்கும் குழாய் கட்டாயம். பிரேக்கர் திருகுக்குள் போகும் பல இழை வயருக்கு எச்எஸ்சி8 6-4 குறடு வாங்கி ஃபெரூல் (இழைகளை மூடும் சிறு உலோகக் குழாய்) போடுங்கள். அந்த நுனிக்கு ஈயம் வைப்பது தவறு: அழுத்தத்தில் ஈயம் மெல்ல ஒதுங்கித் திருகு தளர்ந்துவிடும்.

இந்தக் குறடுகளின் கறுப்புப் பூச்சு மெல்லியது, இங்கே சீக்கிரம் துரு பிடிக்கும். அச்சாணிகளில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டு, தாடையைத் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.