புது மடிக்கணினிக்குள் பழைய ரேம்: ‘இலவச அப்கிரேட்’ தரும் கடைகளிடம் கவனம்

கடையின் பெயரைக் கேட்காதீர்கள். விவகாரம் சமரசத்தில் முடிந்ததால் பெயரைப் போட மாட்டேன். ஆனால் இதே வேலையைச் செய்கிற கடை அது ஒன்றாக மட்டும் இருக்காது என்பதால் எழுதுகிறேன்.

மகள் இந்த ஏப்ரலில் சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தாள். அவளுக்காக 1,299 வெள்ளிக்கு ஒரு மடிக்கணினி வாங்கினோம். கடைத்தொகுதியின் மேல்மாடியில் ஒரு சின்னக் கடை, விற்றவர் நம்மவர். “அண்ணே, 8 ஜிபி ரேம் எந்த மூலைக்கு? நம்ம ஆளுங்களுக்காக 16 ஆக்கி, எஸ்எஸ்டியையும் 1 டிபியா மாத்தித் தரேன். காசு வேணாம்” என்றார். ரேம் என்பது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம், எஸ்எஸ்டி கோப்புகளைச் சேமித்து வைக்கும் வட்டு. பெட்டியை எங்கள் முன்னால்தான் பிரித்தார். ஆனால் பாகங்களை மாட்டியது உள்ளறையில். ரசீதில் மாடல் பெயரும் விலையும் மட்டும் இருந்தன. கூட்டித் தந்த ரேம் பற்றி ஒரு வரிகூட இல்லை. கீழே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரப்பர் முத்திரை.

முதல் வாரமே தொல்லை ஆரம்பித்தது. இணைய வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது திரை அப்படியே உறைந்துவிடும், மவுஸ் நகராது, விரிவுரையாளரின் குரல் ‘ர்ர்ர்ர்’ என்று ஒரே எழுத்தில் மாட்டிக்கொண்டு இழுக்கும். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியதுதான். சில நாள் விண்டோஸின் பிழைச் செய்தியான நீலத்திரை வந்து தானாகவே மறுதொடக்கம் ஆகும்.

கடையில் முதலில் விண்டோஸ் அப்டேட் மேல் பழி போட்டார்கள். அப்புறம் வைரஸ் என்றார்கள். மூன்றாவது விளக்கம்தான் கெட்டிக்காரத்தனமானது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, ‘கெர்னல்-பவர் 41’ என்ற சிவப்பு வரியைக் காட்டி, “பாருங்க, பவர்னு போட்டிருக்கு. உங்க வீட்டு பிளக்குலதான் பிரச்சினை” என்றார்கள். கணினி முறைப்படி அணையாமல் நின்றுபோய் மறுபடி கிளம்பியது என்பதற்கு மேல் அந்த வரி எதையும் சொல்வதில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதேதான் பதிவாகும். கடைசியில் “சாஃப்ட்வேர் கோளாறு, வாரண்டியில் வராது” என்று விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்து 60 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்த அன்று இரவே மறுபடி உறைந்தது.

அக்கா மகன் தகவல் தொழில்நுட்பத் துறையில் இருக்கிறான். அவன் கேட்ட முதல் கேள்வி: “மாமா, நீலத்திரையில ஒரே வாசகம் வருதா, மாறி மாறி வருதா?” நல்லவேளையாக மகள் ஒவ்வொரு முறையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தாள். ஒரு நாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’, இன்னொரு நாள் ‘பேஜ் ஃபால்ட்’, வேறொரு நாள் வேறொன்று. திரும்பத் திரும்ப ஒரே டிரைவர் (கணினியின் பாகங்களை இயக்க உதவும் மென்பொருள்) கோப்பின் பெயர் வந்தால் பெரும்பாலும் அந்த டிரைவரைப் புதுப்பித்தாலே சரியாகிவிடும். இப்படித் தாறுமாறாக மாறினால் ரேமைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்றான். யுஎஸ்பியில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டோம். காலையில் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பில் பிழைகள்.

அடுத்ததாக, ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தான். ஒவ்வொரு ரேமையும் யார் செய்தது, எந்த ஆண்டு என்பதெல்லாம் அதில் தெரியும். ஒன்று புதியது. கடை ‘அன்பாக’ மாட்டியது வேறு நிறுவனத்துடையது, 2018இல் செய்தது. வட்டின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் எஸ்எஸ்டியைப் பார்த்தபோதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. ஏற்கெனவே 9,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. ஓராண்டு முழுக்க அணைக்காமல் வைத்தாலே 8,760 மணி நேரம்தான். ஆக, புது எஸ்எஸ்டியைக் கழற்றித் தாங்கள் வைத்துக்கொண்டு, எங்கோ தேய்ந்ததை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். இதற்குப் பெயர் இலவசம்!

தயாரிப்பு நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குக் கொண்டுபோனோம். ‘இந்த ரேமும் எஸ்எஸ்டியும் எங்கள் பாகங்கள் அல்ல’ என்று எழுதியே கொடுத்தார்கள். எல்லாவற்றையும்விட அந்த ஒரு தாள்தான் பிறகு கைகொடுத்தது.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல், குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்கும் ‘லெமன் சட்டம்’ நடப்பில் இருக்கிறது. வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பாடு. முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தர வேண்டும், அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். ரப்பர் முத்திரையால் இந்த உரிமை போய்விடாது. பயனீட்டாளர் சங்கத்திடம் ஆலோசனை கேட்டுவிட்டு, சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இணையம் வழியே மனுச் செய்தேன். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. அதுவரை தொலைபேசியே எடுக்காத கடை, மனு போனதும் தானே அழைத்து 1,299 வெள்ளியையும் திருப்பித் தந்தது.

அண்மையில் இப்படி ‘கூட்டித் தந்த’ கணினி வாங்கியிருந்தால், அது உறைகிறதோ இல்லையோ, சிபியு-இசட், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இரண்டையும் இன்றே ஓடவிட்டுப் பாருங்கள். ஏதாவது தட்டுப்பட்டால், விண்டோஸை அழிக்கக் கடையிடம் கொடுப்பதற்கு முன் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் மினிடம்ப் கோப்புகளை (நீலத்திரை வரும்போது பதிவாகும் விவரங்கள்) தனியாக நகலெடுத்து வையுங்கள். கோளாறுகளை நாள்வாரியாகக் காட்டும் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டால் இரண்டும் போய்விடும், எங்களுக்குப் போனது போல.

விண்டோஸ் போட்டதற்கு வாங்கிய 60 வெள்ளி இன்னும் வரவில்லை. அது ‘சேவைக் கட்டணமாம்’.