நோரெலா, ஹால்ஸ்டனா?

அமெரிக்காவின் பழைய மாலை விருந்து உடைகளில் வடிவமைப்பாளர் நார்மன் நோரெலின் ‘கடற்கன்னி’ உடைக்கே என் முதல் வாக்கு. உடலை ஒட்டிய, ஜெர்சி என்னும் நெகிழும் பின்னல் துணியில் ஆயிரக்கணக்கான சமிக்கிகளைக் கையால் தைத்த அந்த வேலையின் நேர்த்தி, இன்றும் அருகில் நின்று பார்க்கும்போதுதான் முழுமையாகப் புலப்படுகிறது. அவர் 1972-இல் மறைந்தார். ஆயினும் அவர் பெயர் தாங்கிய 1950களின் கருப்பு உடையொன்றை 2010 டிசம்பரில் மிஷெல் ஒபாமா அணிந்தபோது, அது காலாவதியானதாகத் தோன்றவில்லை.

மற்றோர் அமெரிக்க வடிவமைப்பாளரான ஹால்ஸ்டனோ 1970களில் அலங்காரத்தைக் களைந்து, தையற்காரர்கள் ‘கிராஸ்’ என்னும் மூலைவாட்டு வெட்டினாலேயே துணியை உடல்மீது வழியவிட்டார். அணிவதற்கு இதுவே இலகு. நோரெலின் சமிக்கி உடையோ கனமானது, மாட்டி வைத்தால் தன் எடையாலேயே தொய்ந்துவிடும் என்பதால் படுக்கையாகவே வைக்க வேண்டும். ஆனால் 1983 முதல் ஜேசி பென்னி என்னும் அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளுக்கான மலிவு உடைகளிலும் ஹால்ஸ்டன் பெயர் இடம்பெற்றதால், வாங்குவோர் முத்திரைச் சீட்டைக் கவனித்துப் படிப்பது அவசியம்.